முதல் பத்தி என்னுடையது

கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியின் வாசல். காலை பத்து மணி இருக்கும். காவலர் கூண்டின் சின்ன ஜன்னல் வழியாக அந்த மலாய்க்காரப் பெரியவர் ஒரு நீளப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். நூலில் கட்டியிருந்த பேனா அதன்மேல் உருண்டு நின்றது.

"துலிஸ் சினி," என்றார். இங்கே எழுதுங்கள் என்று.

புத்தகத்தில் கட்டங்கள் போட்டிருந்தார்கள். பெயர், ஐசி என்கிற அடையாள அட்டையின் எண், வந்த நேரம். மூன்றையும் எழுதினேன். நான்காவது கட்டத்தின் தலையில் 'துஜுவான்' என்று இருந்தது. வந்த நோக்கம். எனக்கு மேல் வரிசையில் யாரோ, மகளுக்குக் காய்ச்சல், அழைத்துப் போக என்று மலாயில் எழுதியிருந்தார்கள். அதற்கும் மேலே, குழாய் ரிப்பேர். எல்லாரும் நாலு சொல்லில் முடித்திருந்தார்கள்.

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே ஏதோ ஒரு வகுப்பில் பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும் சத்தம். கேண்டீனில் மீ கோரெங் நூடல்ஸ் வறுக்கும் வாடை. தீபாவளிக்கு எடுத்த சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போயிருந்தேன். அது முதுகில் ஒட்டிக்கொண்டது.

"நாக் ஜும்பா சியாப்பா?" யாரைப் பார்க்கவேண்டும் என்று பெரியவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"சாலா தெம்பாட், பாச்சிக்," என்றேன். இடம் மாறி வந்துவிட்டேன் என்று.

பேனாவை வைத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். இடம் ஒன்றும் மாறவில்லை. அந்தப் பள்ளி என் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை.

காஜாங்கிலிருந்து ஒரு கடிதம்

இந்தத் தொடரில் இரண்டு வாரத்துக்கு முன்பு, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் என் மச்சானின் போட்டோஸ்டேட் கடையில் இருபது வருடமாகத் தமிழ் டைப் அடித்து வருவதைப் பற்றி எழுதியிருந்தேன். கல்யாணக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ், இவற்றோடு மாணவர்களின் கட்டுரைகளும் நிறைய அடித்திருக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு காஜாங்கிலிருந்து ஓர் அம்மா இதழுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் மகன் படிவம் இரண்டில், அதாவது எட்டாம் வகுப்பில் படிக்கிறானாம். கட்டுரை என்றாலே வயிற்றுவலி வந்துவிடுகிறதாம். 'இத்தனை கட்டுரைகளைப் பார்த்தவர் நீங்கள். பிள்ளைகள் வழக்கமாகச் செய்கிற தவறுகள் என்னென்ன, அவற்றை எப்படித் தவிர்ப்பது என்று எழுதினால் உதவியாக இருக்கும்' என்று கேட்டிருக்கிறார்.

ஆசிரியர் குழுவிலிருந்து போன் செய்து அந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் படித்தது ஆறாம் வகுப்பு வரை. அதற்குமேல், இடைநிலைப்பள்ளியில் சேருமுன் மலாய் பழக்கும் புகுமுக வகுப்பில் நாலு மாதம். என்னைப் போய் இதைக் கேட்கிறார்களே என்று இருந்தது.

ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே பதில் மனதில் வந்துவிட்டது. தவறுகள் எனக்குத் தெரியும். அதில் பெரிய தவறு பிள்ளைகள் செய்ததில்லை. நான் செய்தது.

லிஃப்ட் கூவாது

அம்மாவின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் அடித்த கட்டுரைகளில் பாதி, விடியற்காலையில் தொடங்கும். சூரியன் வரும். பறவைகள் பாடும். சேவல் கூவும். பிறகுதான் பையன் கண் விழிப்பான். எழுந்து பல் துலக்கி, குளித்து, பசியாறி, வீட்டைவிட்டு இறங்குவதற்குள் ஒரு பக்கம் முடிந்துவிடும். சொல்லவந்த விஷயத்துக்கு மிச்சம் அரைப் பக்கம்.

சுங்கை பூலோவிலிருந்து வந்த ஒரு பையனிடம் கேட்டேன். "உங்க வீட்டுல சேவல் இருக்காப்பா?"

"நாங்க இருக்கறது பன்னெண்டாவது மாடி, அங்கிள்."

"அப்போ எது கூவிச்சு?"

"எதுவும் கூவாது அங்கிள். லிஃப்ட்டே பாதி நாள் சத்தம் போடாது."

கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். ஆனாலும் சேவலை எடுக்க ஒத்துக்கொள்ளவில்லை. "மார்க் போயிடும்லா," என்றான்.

அப்புறம், போகாத ஊருக்குச் சுற்றுலா போவார்கள். பினாங்கு மலை ரயிலில் ஏறாதவன் ஏறியதாக எழுதுவான். நடுவில் ஒரு விபத்து வரும். யாராவது ஒருவர் செத்துப்போவார். பெரும்பாலும் தாத்தா. பழமொழிகளைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து, இடம் இருக்கிற இடத்திலெல்லாம் ஒன்றைச் செருகுவார்கள். முடிக்கும்போது, 'ஆகவே நாம் அனைவரும்' என்று ஊருக்கே புத்தி சொல்லிவிட்டு உட்காருவார்கள். கைபேசியைப் பற்றிய கட்டுரையானாலும் சரி, வாழை மரத்தைப் பற்றிய கட்டுரையானாலும் சரி, முடிவு ஒன்றுதான்.

இதற்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றே ஒன்று. எழுதி முடித்தபிறகு முதல் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு மீதியை வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்றும் குறையவில்லை என்றால் அந்தப் பத்தி தேவையில்லை. பிறகு சத்தமாக ஒரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். நாக்கு எங்கே தடுக்குகிறதோ, அங்கே பிள்ளை தன் வார்த்தையில் எழுதவில்லை என்று அர்த்தம்.

இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு இது தெரியாது. தெரியாதது மட்டுமில்லை, இதற்கு நேர் எதிராகத்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

நாற்பது பேருக்கு ஒரே லட்சியம்

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது 'என் லட்சியம்' என்று ஒரு கட்டுரை. வாத்தியார் கரும்பலகையில் முழுதாக எழுதிப் போட்டார். நாங்கள் நாற்பது பேரும் அதைப் பார்த்து எழுதினோம். நாற்பது பேரும் மருத்துவராகி ஏழைகளுக்கு இலவசமாக வைத்தியம் பார்க்கப் போவதாக எழுதிக் கொடுத்தோம். கையெழுத்து அழகாக இருந்ததால் எனக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது.

நல்ல கட்டுரை என்றால் ஏற்கெனவே எங்கேயோ எழுதி வைத்திருப்பது, அதை அழகாக எடுத்து எழுதவேண்டியதுதான் நம் வேலை என்று அன்றைக்கு மனதில் விழுந்துவிட்டது.

புகுமுக வகுப்பில் மலாயில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். கரும்பலகையில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த மலாய்ச் சொற்களை வைத்து நானே எழுதினேன். ஆசிரியர் அதை எடுத்து வகுப்புக்கு வாசித்துக் காட்டினார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டேதான் வாசித்தார். கெட்ட எண்ணம் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வாரத்தோடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்.

அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்கூடத்து வாசலைக் கடந்தாலும் கால் கொஞ்சம் வேகமாகத்தான் நடக்கும். இது சாக்கு இல்லை. சொல்லி வைக்கிறேன், அவ்வளவுதான்.

'ஆரம்பம்' என்றொரு கோப்பு

கட்டுரைப் போட்டிகளுக்கு இப்போதெல்லாம் டைப் அடித்துத்தான் அனுப்பவேண்டும். அதனால் போட்டி அறிவித்தால் எங்கள் கடையில் கூட்டம் வரும்.

அடித்து அடித்து, எந்த மாதிரிக் கட்டுரை பரிசு வாங்குகிறது என்று எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது போல இருந்தது. பரிசு வாங்கியவற்றின் தொடக்கங்களைப் பார்த்து, அவற்றைப் போலவே நானும் நாலைந்து எழுதிக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தேன். அந்தக் கோப்புக்கு 'ஆரம்பம்' என்று பெயர் வைத்தேன்.

யாராவது ஒரு பிள்ளையின் கட்டுரை மொட்டையாகத் தொடங்கினால், அதில் ஒன்றை எடுத்து முன்னால் ஒட்டிவிடுவேன். யாரும் கேட்டுச் செய்ததில்லை. கூலியும் இல்லை. நன்றி சொல்வார்கள். "அண்ணே கைபட்டா கட்டுரையே வேறலா," என்று ஒரு தாய் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

மச்சான் மட்டும் கிண்டல் செய்வார். "யோவ், அடிக்கச் சொன்னா அடி. நீ என்ன கூடவே சேர்ந்து பரீட்சை எழுதறியா?"

ஒரு முறை பரிசளிப்பு விழாவுக்கு நோட்டீஸ் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மண்டபத்தின் பின்னால் நின்றேன். முதல் பரிசு வாங்கிய பையன் மேடையில் ஏறித் தன் கட்டுரையை வாசித்தான். முதல் பத்தி என்னுடையது. முன்னூறு பேர் கேட்டார்கள். கைதட்டினார்கள். நான் தூணோடு சாய்ந்து நின்றுகொண்டேன்.  வகுப்பில் சிரித்த சத்தம் அன்றைக்குத்தான் கொஞ்சம் அடங்கியது.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிள்ளைகளுக்கு உதவி என்று சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான் செய்தேன்.

தண்ணீர்

கணேசனை எனக்கு ரயிலில் பழக்கம். கிள்ளானில் ஏறி, என்னைப் போலவே கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் இறங்குவார். பக்கத்தில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் காவலர் வேலை. ஒரு சனிக்கிழமை தன் மகளைக் கடைக்கு அழைத்துக்கொண்டு வந்தார். தேவிகா என்று வைத்துக்கொள்வோம். பெயரை மாற்றியிருக்கிறேன். படிவம் மூன்று. பள்ளி உடுப்பின் மேல் கருப்பு ஜாக்கெட். கையில் நாலு தாள்.

"அண்ணே, போட்டிக்கு எழுதியிருக்கா. 'என் அன்னை'ன்னு தலைப்பு. ஜெயிச்சா மேடையில வாசிக்கணுமாம். அவ அம்மா வந்து கேக்கணும்னு ஆசைப்படறா. கொஞ்சம் நல்லா அடிச்சுக் கொடுங்க," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரிக்கு டயாலிசிஸ் ஓடுது. வாரத்துக்கு மூணு நாள்," என்றார்.

கட்டுரையின் முதல் வாக்கியம் இது.

'எங்கள் வீட்டில் நாங்கள் அம்மாவுக்குத் தெரியாமல்தான் தண்ணீர் குடிப்போம்.'

டயாலிசிஸ் நோயாளிகள் அதிகம் தண்ணீர் குடிக்கக் கூடாது. அம்மாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு சின்ன போத்தல் அளவு. மற்றவர்கள் குடிப்பதைப் பார்த்தால் அவருக்குத் தாகம் எடுக்கும் என்பதால், பிள்ளைகள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குடிப்பார்களாம். குழாய்ச் சத்தம் கேட்காமல் இருக்கப் பாட்டுப் பாடுவார்களாம். அம்மாவின் இடது கையில், டயாலிசிஸ் ஊசிக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடத்தில் காதை வைத்தால் வண்டு ரீங்கரிப்பது போலக் கேட்குமாம். தம்பி தூங்குவதற்கு முன் தினமும் அந்த வண்டைக் கேட்பானாம்.

நான் அதை வாசித்தேன். இல்லை, வாசிக்கவில்லை. அடித்தேன். அடிப்பவன் எழுத்தைப் பார்ப்பான், எழுதியதைப் பார்க்கமாட்டான். எனக்குத் தோன்றியதெல்லாம், அன்னையைப் பற்றிய கட்டுரையைக் குளியலறையில் போய் யார் தொடங்குவார்கள் என்பதுதான். பிள்ளைக்கு விவரம் போதவில்லை என்று நினைத்தேன்.

அந்த முதல் பத்தியை முழுதாக நீக்கினேன். 'ஆரம்பம்' கோப்பைத் திறந்தேன்.

'கீழ்வானில் செங்கதிரோன் தன் பொற்கரங்களை நீட்டி உலகைத் தழுவினான். புள்ளினங்கள் இன்னிசை பாடின. இத்தகைய இனிய வேளையில் என் உள்ளத்தில் ஊற்றெடுத்த எண்ணங்களை இங்கே வடிக்கிறேன்.'

ஒட்டினேன். அச்செடுத்தேன். அப்பாவும் மகளும் தேநீர் குடித்துவிட்டு வந்தார்கள்.

தேவிகா நின்றபடியே வாசித்தாள். முதல் தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். மறுபடி முன்பக்கம்.

"அங்கிள், முதல்ல ஒண்ணு எழுதியிருந்தேனே?"

"போட்டிக்குன்னா இப்படித்தான்மா இருக்கணும். அங்கிள் எத்தனை பேருக்கு அடிச்சிருக்கேன்."

அவள் அப்பாவைப் பார்த்தாள். "அண்ணேக்குத் தெரியாததா," என்றார் கணேசன்.

அவள் அச்செடுத்த தாள்களை மடித்தாள். உறைக்குள் போட்டுக்கொண்டு போனாள். அவள் கையால் எழுதிய நாலு தாளும் என் மேசையிலேயே தங்கிவிட்டன.

ஒன்பது சூரியன்

அந்தப் போட்டிக்கு வெவ்வேறு பள்ளிகளிலிருந்து எங்கள் கடைக்கு வந்தவர்களில் ஒன்பது பேருக்கு நான் அதே பத்தியை ஒட்டியிருந்தேன். வழக்கமாக மாற்றி மாற்றிப் போடுவேன். அந்த வாரம் கூட்டம் அதிகம். கைக்கு வந்ததையே போட்டேன்.

கிள்ளான், பூச்சோங், சுங்கை பூலோ. ஒன்பது இடத்தில் ஒரே சூரியன் அதே கையை நீட்டியது.

போட்டி நடத்தியவர்கள் பள்ளிகளுக்குக் கடிதம் போட்டுவிட்டார்கள். குறிப்பிட்ட ஒன்பது கட்டுரைகளும் ஏதோ ஓரிடத்திலிருந்து பார்த்து எழுதப்பட்டவை என்று கருதி நீக்கியிருக்கிறோம் என்று.

தேவிகா அந்தக் கடிதத்தின் நகலோடு தனியாக ரயிலேறிக் கடைக்கு வந்தாள். மச்சான் வெளியே போயிருந்தார். அவள் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

"டீச்சர் கிளாஸ்ல எல்லார் முன்னாடியும் கேட்டாங்க, அங்கிள். சொந்த அம்மாவைப் பத்தி எழுதறதுக்குக்கூட ஒருத்தரைப் பார்த்துக் காப்பி அடிப்பியான்னு."

நான் மவுஸை இங்கேயும் அங்கேயும் நகர்த்தினேன்.

"முதல் பத்தி நான் எழுதலன்னு சொன்னேன். மீதி எல்லாம் நான்தான்னு சொன்னேன். நம்பல. டைப் அடிக்கறவர் எதுக்கு உனக்கு எழுதணும், அப்படீன்னா அவரை வந்து சொல்லச் சொல்லுன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்றீங்களா அங்கிள்? டீச்சர் பத்து மணிக்கு ஃப்ரீ."

"வரேன்மா," என்றேன்.

"எப்போ?"

"நாளைக்கே வரேன்."

"நெசமா?"

"நெசமா."

மறுநாள் லீவு போட்டேன். தீபாவளிச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். 'வணக்கம் டீச்சர்' வரைக்கும் நன்றாக வந்தது.

மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன். நாலு சொல் எழுதவேண்டிய கட்டம். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொற்கரமும் புள்ளினமும் எழுதிக் கொடுத்தவனுக்கு அந்த நாலு சொல் வரவில்லை.

கடைசிப் பெட்டி

நான் வழக்கமாக ரயிலின் இரண்டாவது பெட்டியில் ஏறுவேன். கணேசனும் அதில்தான். அந்த வாரத்திலிருந்து நான் கடைசிப் பெட்டிக்கு மாறினேன். கேஎல் சென்ட்ரலில் இறங்கி, அவர் படியேறிப் போகும்வரை தூண் மறைவில் நின்றுவிட்டு வெளியே வருவேன். ஒருவருக்குச் செய்த தவறைவிட, அவர் முகத்தில் விழிக்காமல் இருக்கப் படுகிற பாடு பெரியதாக இருந்தது.

'ஆரம்பம்' கோப்பை அழித்துவிட்டேன். யாராவது, "அண்ணே, முன்னால ஏதாச்சும் அழகா போட்டுக் கொடுங்களேன்," என்றால், "அடிக்கிற வேலை மட்டும்தான்," என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

மச்சானுக்கு ஆச்சரியம். "என்னய்யா, கவிஞர் ரிட்டயர் ஆயிட்டாரா?"

அந்த நாலு தாளை எடுத்து ஒரு நாள் உண்மையிலேயே வாசித்தேன். கடையைத் திறந்ததும், கம்ப்யூட்டரைப் போடாமல் உட்கார்ந்து வாசித்தேன். நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை. கடைசித் தாளில் ஒரு வரி. அம்மாவுக்குத் தாகம் எடுக்கும்போது ஒரே ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வாராம், அப்போது பார்க்க அவர் சின்னப் பிள்ளை மாதிரி இருப்பாராம்.

பரிசு கிடைத்திருக்குமா, எனக்குத் தெரியாது. மேடை ஏறியிருப்பாளா, தெரியாது. ஆனால் அந்த அம்மா கேட்டிருக்கவேண்டிய கட்டுரை அது. அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். அங்கேயே இருந்தது.

நாலு வரி

ஏறக்குறைய ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மழை நாளில் கணேசன் கடைக்கு வந்தார். மீசையை எடுத்திருந்தார். பின்னால் தேவிகா. உயரமாகியிருந்தாள்.

அவர் ஒரு படத்தைக் கவுண்டரில் வைத்தார். புடவை கட்டிய ஓர் அம்மா, எங்கேயோ கல்யாண வீட்டில் எடுத்தது. பக்கத்தில் இருந்தவர்களை வெட்டிவிட்டு அவரை மட்டும் எடுக்கச் சொன்னார்.

"பதினாறாம் நாள் காரியம், அண்ணே. கார்டு அடிக்கணும்."

 தலையை ஆட்டினேன்.

"படத்துக்குக் கீழ போடற மாதிரி நாலு வரி இருக்கும்ல. நீங்களே நல்லதா பார்த்துப் போட்டுடுங்க," என்றார் கணேசன்.

இருக்கிறது. இறந்தவர்களுக்குப் போடும் வரிகளுக்கு எங்கள் கடையில் ஒரு தனி ஆல்பமே இருக்கிறது. வேண்டியதைக் காட்டினால் போதும். ஆல்பத்தை எடுக்கக் கையை நீட்டினேன்.

"வேண்டாம்பா," என்றாள் தேவிகா. ஜாக்கெட் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"இதைப் போடுங்க அங்கிள். மாத்தாம போடுங்க."

கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

தாளில் ஒரே ஒரு வரி.

'அம்மா, இனி வேண்டிய மட்டும் குடிங்க.'

அடித்தேன். பழக்கம், விரல் ஒரு நொடி நின்றது. கார்டில் இப்படிப் பேசுகிற மாதிரியா போடுவார்கள் என்று கை யோசித்தது. கையை மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு அவள் எழுதியதை அவள் எழுதியபடியே அடித்து முடித்தேன்.

அச்செடுத்த முதல் கார்டை அவள் வாங்கி வாசித்தாள். தலையை ஒரு முறை ஆட்டினாள். வெளியே மழை. இழுப்பறையில் அவளுடைய நாலு தாள். என் முழங்கால் அந்த இழுப்பறையை இடித்துக்கொண்டிருந்தது.

மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. நான் கேட்டது, "கார்டுக்குக் கவர் வேணுமாம்மா?"

"வேணாம் அங்கிள்."

குடையை விரித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டாவது பெட்டி

காஜாங் அம்மாவின் கடிதத்தை வாசித்துக் காட்டிய மறுநாள் காலை, கிள்ளானில் இரண்டாவது பெட்டியில் ஏறினேன். கணேசன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இருக்கையிலிருந்த பையை மடியில் எடுத்து வைத்து எனக்கு இடம் விட்டார். எவ்வளவு நாளாயிற்று என்றுகூடக் கேட்கவில்லை.

ஷா ஆலாம் நிலையம் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வாசல், புத்தகம், கட்டம், எல்லாம். முந்தின நாள் கடையிலிருந்து எடுத்து வந்திருந்த நாலு தாளையும் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவ உங்க மேல கோவப்படல, அண்ணே," என்றார்.  "ஆனா அன்னிக்குப் பத்து மணியிலேர்ந்து கிளாஸ் கதவையே பார்த்துக்கிட்டு இருந்திருக்கா. அடுத்த நாளும் பார்த்திருக்கா. அப்புறம் பார்க்கல. எஸ்பிஎம் பரீட்சைக்குத் தமிழ் எடுக்க மாட்டேன்னுட்டா. நானும் வற்புறுத்தல."

ரயில் நின்று கிளம்பியது. யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். நான் எழுந்து இடம் கொடுத்தேன். உண்மையில் எழுந்திருக்க ஒரு காரணம் தேவைப்பட்டது.

இதைப் பத்திரிகையில் எழுதலாமா என்று கேட்டேன். மகளைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். அவள் இப்போது செலாயாங்கில் தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். இரண்டு நாள் கழித்துப் பதில் கொண்டுவந்தார்.

"எழுதச் சொன்னா, அண்ணே. முதல் பத்தியிலேர்ந்து உங்க சொந்தமா இருக்கணுமாம்."

அவர் சிரித்தார். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அந்த ஆசிரியை இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறார் என்றும், இந்த இதழை வாரம் தவறாமல் வாங்குகிறவர் என்றும் கணேசன் சொன்னார். பள்ளியின் பெயரும் ஆசிரியையின் பெயரும் இங்கே தேவையில்லை. வாசித்தால் அவருக்குத் தெரியும். அவரைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. ஒன்பது தாளில் ஒரே பத்தியைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். வந்து சொல்லவேண்டியவன் வரவில்லை.

காஜாங் அம்மாவுக்கு: உங்கள் மகன் கட்டுரையை அவன் எழுதியபடியே விடுங்கள். கொஞ்சம் மொட்டையாக இருந்தால் இருக்கட்டும்.

அந்தப் பெரியவரின் புத்தகத்தில் ஒரு வரிசை பாதியில் நிற்கிறது. என் பெயர் இருக்கிறது. ஐசி எண் இருக்கிறது. வந்த நேரம் இருக்கிறது. நாலாவது கட்டம் மட்டும் காலி. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

வந்த நோக்கம்: தமிழ் டீச்சரைப் பார்த்து, முதல் பத்தி என்னுடையது, மீதி எல்லாம் அந்தப் பிள்ளையுடையது என்று சொல்ல.